காற்று எடுக்கப் போன கை

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, பிறகு குத்துதே குடையுதே என்றானாம் ஒருவன். தாராவியில் எங்கள் வாசலுக்கு அந்த லாரி வந்து சேர்ந்த அன்று என் மைனி சொன்ன முதல் வார்த்தை இதுதான். மைனி என்றால் அண்ணன் பெண்சாதி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம். லாரி தானாக வரவில்லை. மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மாடு இழுத்த லாரியைப் பார்க்கக் கூடிய கூட்டம், பிறகு எங்கள் தெருவில் எந்தச் சப்பரத்துக்கும் கூடினதில்லை.

யுத்தம் முடிந்து, பட்டாளத்தில் மிஞ்சின சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்த காலம். கூடாரத் துணி, தகரப் பெட்டி, பூட்ஸ் என்று பம்பாயில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துச் சாமான் கிடக்கும். எங்களுக்கு வாய்த்தது லாரி. என் வீட்டுக்காரர் யுத்தத்தின்போது அஸ்ஸாம் பக்கம் லாரி ஓட்டித் திரும்பினவர். என் அண்ணன் தாராவியில் தோல் கிடங்கு மேஸ்திரி. இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். ஆகவே மாமன் மகன், அத்தை மகன், மச்சான், மாப்பிள்ளை எல்லாம் அந்த இரண்டு பேருக்குள்ளேயே அடக்கம். உறவு நெருங்க நெருங்க உரசல் கூடும் என்பார்கள். அதை நான் கண்ணால் கண்டேன்.

சண்டை எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், மூக்கில் ஆரம்பித்தது. லாரியை வாசலில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் சந்தோஷமாகத்தான் சொன்னார்:

"மாப்ள, இது மட்டும் ஓடட்டும். கெடங்குத் தோலு பூரா நம்ம வண்டியிலதான் ஏறும்."

என் வீட்டுக்காரர் நிமிராமலே சொன்னார்: "தோலு ஏத்தவா வண்டி எடுத்தேன்? அந்த நாத்தத்த ஒரு தடவ ஏத்துனா பொறவு எவன் இதுல அரிசி ஏத்துவான்?"

அண்ணன் முகம் மாறினது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்தத் தோல் கிடங்கில் நின்றுதான் அவர் என்னை வளர்த்தார், கட்டிக்கொடுத்தார், என் வீட்டுக்காரரைப் பம்பாய்க்கு வரவழைத்தார், பட்டாளத்திலிருந்து திரும்பினவருக்குச் சோறு போட்டார்.

"ஏல, நீ தின்ன சோறு அந்த நாத்தத்துல வெந்ததுதாம்ல" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசவில்லை. ஏச வேண்டுமென்றால் என்னிடம் சொல்லித்தான் ஏசினார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்!

எங்கள் இரண்டு வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நான் கல்யாணமாகி வந்த வருஷம், தங்கச்சி மழையில் நனையாமல் வந்து போக வேண்டுமென்று அண்ணனே நடுச்சுவரை இடித்து ஒரு வழி வைத்தார். கதவு கிடையாது, ஒரு சாக்குப் படுதாதான். உப்பு அந்த வழியாகப் போகும், குழம்பு அந்த வழியாக வரும். எனக்குத் தாய் வீடு என்று பம்பாயில் இருந்தது அந்த ஓட்டை ஒன்றுதான்.

நாற்றம் என்ற பேச்சு வந்த வாரத்தில் அண்ணன் அந்த வழிக்குப் பக்கத்தில் செங்கல் கொண்டுவந்து அடுக்கினார். தெருவே கேட்கிற குரலில், படுதாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஏட்டி, உம் புருசன்ட்ட சொல்லு. ஆடி முடியட்டும். ஆவணி மொத வெள்ளிக்கெழம இந்த லாரி மாடு கட்டாம, ஆளு தள்ளாம, செம்பூர் டேசன் வாசலத் தொட்டுட்டுத் திரும்பணும். திரும்புச்சுன்னா வண்டி அவனுக்கு, நான் வாயத் தொறக்கல. திரும்பலன்னா வண்டி பங்காருக்கு. இந்த வழிக்குச் செவுரு. நாத்தம் இருக்க எடத்துல அவுகளுக்கு என்ன சோலி?"

பங்கார் என்றால் பழைய இரும்பு. குர்லாவில் அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அதில் ஒருவர் அடிக்கடி வந்து லாரியை மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போவார்.

என் வீட்டுக்காரர் பதில் சொன்னார், அதுவும் எனக்குத்தான்: "ஏளா, உங்க அண்ணன்ட்ட சொல்லு. செங்கல நல்லதாப் பாத்து வாங்கியிருக்கலாம். பாதி ஒடஞ்சு கெடக்கு."

மைனி மட்டும் படுதாவுக்கு அந்தப் பக்கமிருந்து, எனக்கு மட்டும் கேட்கிறாற்போல், "ஆம்பளைக்கு ரோசம் பெருசு, அறிவு சிறுசு" என்று முணுமுணுத்தாள்.

லாரி நின்ற இடம் தெருக்குழாய்க்குப் போகிற வழி. குடம் சுமந்து வருகிறவர்கள் லாரியைச் சுற்றிச் சகதிக்குள் இறங்கித்தான் போக வேண்டும். ஆகவே அந்த லாரிக்குத் தினமும் காலையில் அர்ச்சனை நடக்கும். "இந்தச் சவத்த எப்பத் தூக்கப் போறிய?" என்பாள் ஒருத்தி. "சவத்துக்கு ஆளு வரும், இதுக்கு எவன் வருவான்?" என்பாள் அடுத்தவள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. வழுக்கி விழுந்தவர்களும் உண்டு.

இந்த ஏச்சுக்கு நடுவில்தான் என் வீட்டுக்காரர் லாரியை உயிர்ப்பிக்க ஆரம்பித்தார். எண்ணெய் டாங்கியைக் கழற்றி, உள்ளே சல்லியும் சங்கிலியும் போட்டு, உருட்டிக் குலுக்கித் துருவை எடுத்தார். எண்ணெய் போகிற செப்புக் குழாய்களை என் அடுப்பில் வைத்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கினார். அன்றெல்லாம் எங்கள் சோற்றில் செம்பு வாசம் அடித்தது. வடிகட்டித் துணியை நான் மண்ணெண்ணெயில் அலசிக் கொடுத்தேன்.

எல்லாம் மாட்டின பிறகுதான் பெரிய வேலை. அது டீசல் எஞ்சின். டாங்கியிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் போகும் பாதையில் குமிழி அளவு காற்று இருந்தாலும் எஞ்சின் பிடிக்காது. மனுஷனுக்குக் காற்று போனால் சாவு. இதற்குக் காற்று புகுந்தால் சாவு. அந்தக் காற்றை வெளியே தள்ளி, பாதை முழுக்க எண்ணெயால் நிரப்ப வேண்டும். காற்று எடுப்பது என்று அதற்குப் பேர். எஞ்சின் பக்கவாட்டில் சின்ன பம்பு ஒன்று, அதன் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு நெம்பு. நெம்பை மேலும் கீழும் ஆட்டினால் எண்ணெய் ஏறும். மேலே தளர்த்தி வைத்த திருகின் வழியாகக் காற்று வெளியேறும்.

ஆனால் அந்த லாரி பட்டாளத்தில் எங்கோ மோதி, இரும்புச் சட்டம் உள்ளே வளைந்திருந்தது. பம்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஆண் கை நுழையாது. என் வீட்டுக்காரர் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, பட்டாளத்தில் கற்ற இந்தி வசவெல்லாம் தீர்ந்த பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏளா, வளையலக் கழத்து."

என் கை உள்ளே போனது. அதிலிருந்து அந்த நெம்பு என் பொறுப்பு. நான் ஆட்டுவேன், அவர் மேலே திருகு முடுக்கும் சாவியோடு நிற்பார், அவர் பக்கம் தெரியாத திருகின் வாயில் என்ன வருகிறது என்று நான்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் கஞ்சி பொங்குவது போல் துப்பும். அதற்கு நுரை என்று பேர் வைத்தேன். பிறகு தெளிந்த எண்ணெயில் ஒன்றிரண்டு குமிழி உருண்டு வரும், அது மீன்கண். கடைசியில் குமிழியே இல்லாமல் நல்லெண்ணெய் வார்த்தது போல் வழியும், அது நூல். நூல் வழிகிறபோதே திருகை முடுக்கிவிட வேண்டும்.

"என்ன வருது?"

"நுரை."

"ஆட்டு."

"மீன்கண்ணு."

"ஆட்டுளா! கையென்ன வெண்ணெயா?"

"நூலு, நூலு! முடுக்குங்க அத்தான்!"

வாசலில் பல் குச்சியோடு நின்ற அண்ணன் காறித் துப்பிவிட்டு, "லாரி ரிப்பேரு பாக்காகளா, எருமைக்குப் பால் கறக்காகளா?" என்று வானத்தைக் கேட்டார்.

"உங்க அண்ணன்ட்ட சொல்லு. எருமத் தோல மோந்துக்கிட்டு இருக்கவுகளுக்கு எல்லாமே எருமயாத்தான் தெரியும்னு."

நான் எதையும் சொல்லவில்லை. என் கை எஞ்சினுக்குள் இருந்தது. வாயாவது எனக்குச் சொந்தமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனி மாசக் கடைசியில் வண்டி புறப்படத் தயாரானது. அன்று காலை அண்ணன் குளித்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு, கையில் ஒரு கிண்ணத்துடன் வந்து நின்றார்.

"ஏட்டி, உம் புருசன்ட்ட சொல்லு. வண்டியில பாதி என்னுது. எம் பாதிக்கு நான் பூசை போடுவேன்."

"எந்தப் பாதின்னு கேளு. முன் பாதியா, பின் பாதியா?"

நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். பூசை என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களிடம் பகைக்கு இடமில்லை. பேச்சு வார்த்தை இல்லாத வீட்டிலிருந்தும் திருநீறு வாங்கிக்கொள்வோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கினார்.

கண்ணேறு வாய் வழியாகத்தான் ஏறும் என்பது அண்ணனின் நம்பிக்கை. ஆகவே வண்டியில் வாய் உள்ள இடத்துக்கெல்லாம் பொட்டு வைத்தார். தண்ணீர் ஊற்றும் வாய், எண்ணெய் டாங்கியின் மூடி, ஆரனின் வாய். அதுவும் சாதாரணச் சந்தனம் இல்லை. பம்பாய் மழையில் பொட்டு நிற்காது என்று, தோல் வேலைக்காரர் மூளை, சந்தனத்தையும் மஞ்சளையும் புளியங்கொட்டைப் பசையில் குழைத்து வைத்திருந்தார். காய்ந்தால் கல். வாரா வாரம் வெள்ளிக்கிழமை அதன்மேல் இன்னொரு பூச்சு.

அன்றைக்கு வண்டியைத் தள்ளிவிட ஊரே திரண்டது. அன்பினால் அல்ல, குழாய்க்கு வழி கிடைக்கிற ஆசையில். எஞ்சின் பிடித்தது. கரும்புகை கக்கிக்கொண்டு புறப்பட்ட வண்டி சயான் மேட்டில் போய் விக்கி, விக்கி, நின்றுவிட்டது. டாங்கியில் குச்சி விட்டுப் பார்த்தால் எண்ணெய் இருக்கிறது. பாட்டரியோ தேய்ந்த பாட்டரி, அதுவும் ஓய்ந்துவிட்டது. மழையில் மறுபடியும் மாடு கட்டித்தான் வீடு வந்து சேர்ந்தோம். குழாயடியில் ஒருத்தி, "லாரி மாட்டோட வாழ்ந்து பழகிட்டு, விட்டுப் பிரிய மாட்டேங்குது" என்றாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் அன்று சோறு தின்னவில்லை.

ஆடி முழுக்க வீட்டில் அமைதி செத்தது. எங்கோ மூட்டு வழியாகக் காற்று புகுகிறது என்று ஒவ்வொரு மூட்டாகக் கழற்றி, நூல் சுற்றி, மறுபடி முடுக்கினார். வாசலில் நிற்கும்போது வண்டி பதிவிரதை. மூடியெல்லாம் திறந்து கிடக்கும், எவ்வளவு நேரம் விட்டாலும் முனகிக்கொண்டு ஓடும். ரோட்டில் இறங்கினால்தான் ஆட்டம்.

"குழா வளைக்கத் தெரியாதவன் கையில குடுத்தா அப்படித்தான்" என்பார் அண்ணன், மைனியிடம் சொல்வதுபோல்.

"யாராவது வந்து மூட்டத் தளத்தி விட்டுட்டுப் போனா எவந்தான் என்ன செய்வான்?" என்பார் என் வீட்டுக்காரர், என்னிடம் சொல்வதுபோல்.

"யாரச் சொல்லுதான் கேளுட்டி!"

"குத்தமுள்ளவுகளுக்குக் குறுகுறுக்கும்!"

இப்படிப் படுதாவுக்கு இரண்டு பக்கமும் சொல் பறக்கும். எங்கள் ஓலைப் பெட்டி, அஞ்சறைப் பெட்டி, நான், மைனி எல்லாரும் நடுவில். ஒரு நாள் என் வீட்டுக்காரர் லாரிக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்தார், காவலுக்காம். மறுநாள் அண்ணனும் தன் வாசலில் கட்டிலைப் போட்டார், "நான் தொட்டேன்னு எவனும் சொல்லக் கூடாதுல்ல" என்று. செங்கல் அடுக்கு மட்டும் ஒரு வரிசை கூடியிருந்தது.

ஆவணி முதல் வெள்ளி வந்தது. அண்ணன் விடியற்காலையிலேயே பொட்டுக்களைப் புதுப்பித்துவிட்டார். சாட்சிக்குத் தானும் வண்டியில் வருவேன் என்று ஏறி உட்கார்ந்தார். நெம்பு ஆட்ட என் கை வேண்டும். ஆகவே நானும் ஏறினேன். ஓட்டுகிறவர் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், நடுவில் நான். ஒரு கிடாயும் இன்னொரு கிடாயும் முட்டும்போது நடுவில் அகப்பட்ட பூசணிக்காயின் கதி எனக்கு நன்றாகப் புரிந்தது. என் வீட்டுக்காரர் பாட்டரியைச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். இருந்தாலும் இரண்டு மூன்று தடவைக்கு மேல் தாங்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உங்க அண்ணன்ட்ட சொல்லு, கால நகத்தி வைக்கச் சொல்லு. கியர் போட முடியல."

"உம் புருசன்ட்ட சொல்லு, காலு எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும்."

சயான் மேட்டை நெருங்கும்போதே எஞ்சின் இருமியது. அதே இடம், அதே விக்கல். நின்றது. மஞ்சள் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்து, வண்டியை நகர்த்தச் சொல்லி, "ஏ மதராசி, காடி ஹடாவ்!" என்று தடியால் எஞ்சின் மேல்மூடியான பானெட்டைத் தட்டினார். அந்தத் தட்டு என் வீட்டுக்காரருக்கு முதுகில் விழுந்ததுபோல் இருந்திருக்கும். நான் டாங்கி மூடியைத் திறந்து குச்சி விட்டு எண்ணெய் இருக்கிறதென்று சொன்னேன், மூடினேன், பிறகு வளையலைக் கழற்றிக் கையை உள்ளே விட்டேன். நுரை, மீன்கண், நூல். பாட்டரி முனகி, எஞ்சின் பிடித்தது. அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு, வண்டி நின்ற கணக்காக, "ஒண்ணு" என்று மட்டும் சொன்னார்.

மூடியைத் திறந்தபோது ஒரு காரியம் நடந்திருந்தது. அது இலேசில் திரும்பவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பதுபோல் இறுகியிருந்தது. திரும்பினதும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு. காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சூனாபட்டி தாண்டி, செம்பூர் போகும் வழியில் ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் வண்டி மறுபடியும் நின்றது. இந்தத் தடவை இரண்டு பேரும் இறங்கி, பானெட்டின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள்.

"மூட்டு பூரா ஓட்ட. நான் அன்னைக்கே சொன்னேன்."

"மூட்டுல ஒரு சொட்டு ஒழுகுதான்னு பாக்கச் சொல்லு! நல்ல வண்டிய எவனோ கருவிக் கருவியே நிறுத்துதான்."

"திரும்பிப் போயி செவுரு எழுப்பணும். சுண்ணாம்பு ஊறிக்கிட்டு கெடக்கு."

சுண்ணாம்பு ஊறுவது எனக்குத் தெரியாது. அது கேட்டதும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பின்னால் போய் டாங்கி மூடியைத் திருகினேன். மறுபடியும் அதே இறுக்கம். அதே 'ஸ்ஸ்ஸ்'. டாங்கித் தகரம்கூட 'டொம்' என்று நிமிர்ந்தது.

மண்ணெண்ணெய் டின்னை முழு டின்னாக வாங்கினவர்களுக்குத் தெரியும். ஒரு ஓட்டை மட்டும் போட்டுச் சாய்த்தால் குளுக் குளுக் என்று விக்கி நின்றுவிடும். எதிர் மூலையில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டால்தான் இறங்கும். உள்ளே காற்று போனால்தானே எண்ணெய் வெளியே வரும்? எங்கள் தெருவில் அடுப்புப் பற்றவைக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். நான் மூடியைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், நடுவில், ஒரு ஊசித் துளை. மேல்பக்கத்தில் அதே இடத்தில், எட்டணாக் காசு பருமனில் அண்ணனின் சந்தனப் பொட்டு, கல்லாகக் காய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

கத்திச் சொல்லியிருப்பேன். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? என் வீட்டுக்காரர் அந்தப் பொட்டைச் சொல்லிச் சொல்லியே அண்ணனைச் சாகும்வரை குத்துவார். தெருக்குழாயடியில் சிரிப்பார்கள். அவமானப்பட்ட அண்ணன், லாரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வழியை அடைப்பார். இரண்டு பேரும் பானெட்டுக்கு மேல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொண்டை ஊசியை உருவினேன். 'முருகா, கண்டுக்காத' என்று சொல்லிக்கொண்டு, பொட்டின் நடுவைக் குடைந்தேன். பிசுபிசுவென்று மஞ்சள் தூள் கொட்டியது. மறுபக்கம் வெளிச்சம் தெரிந்ததும் மூடியை மாட்டிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் நெம்பைப் பிடித்தேன்.

நுரை. மீன்கண். நூல்.

"ரெண்டு" என்றார் அண்ணன்.

மூன்று சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை. வண்டி செம்பூர் ஸ்டேஷன் வாசலைத் தொட்டது. அங்கே எஞ்சினை அணைக்காமலே திருப்பினார். சூனாபட்டியில் நிற்கவில்லை. சயான் மேட்டில், அந்தப் போலீஸ்காரர் பார்த்துக்கொண்டே இருக்க, கரும்புகையை அவர் பக்கம் விட்டுவிட்டு ஏறினது. என் வீட்டுக்காரர் ஆரனைத் தேவையில்லாத இடத்திலெல்லாம் அடித்தார். ஒவ்வொரு அடியும் அண்ணன் காதுக்குத்தான்.

வாசலில் வந்து நின்றதும் கூட்டம் கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் இறங்கி, பானெட்டில் தட்டி, ஊருக்கெல்லாம் சொன்னார்: "மூட்டு யாரு போட்டது? இந்தக் கை போட்டது!"

அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். டாங்கிப் பக்கம் நின்றார். குனிந்தார்.

"எவம்ல இந்தப் பொட்ட நோண்டினது?"

குழாயடிப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்தார்கள்.

"சாமிக்கு வச்ச பொட்ட நோண்டிட்டுத்தான் ஓட்டுனியா? அப்ப இது செல்லாது. செவுரு உண்டு!"

இத்தனை மாசத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் அவருக்கு நேராகத் திரும்பினார். கையில் திருகு முடுக்கும் சாவி இருந்தது. "நான் எதுக்கு உம்ம பொட்டத் தொடுதேன்? நாத்தம் புடிச்ச பொட்டு!"

"நாத்தம்னா சொன்ன?"

அண்ணன் செங்கல் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். மைனி வாயில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். எனக்கு வேறு வழி இல்லை.

"நாந்தான் நோண்டினேன்" என்றேன். "கொண்ட ஊசியால."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். துளை, பொட்டு, 'ஸ்ஸ்ஸ்', 'டொம்'. சொல்லி முடித்ததும் பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன்.

முதலில் பேசினது என் வீட்டுக்காரர்.

"கிறுக்கச்சி. ஊசித் தொளையா இம்மாம் பெரிய லாரிய நிறுத்தும்? நான் மாசம் பூரா மூட்டு போட்டது என்னத்துக்கு?"

அண்ணன் செங்கலைக் கீழே வைத்தார். "அதானே. சாமிச் சந்தனமா வண்டிய நிறுத்தும்? உனக்கு எவ சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?"

"டீசல் எஞ்சினும் மண்ணெண்ண டின்னும் ஒண்ணாம்ல!"

"பொட்டச்சிக்கு அடுப்புதான் ஞாபகம்" என்றார் அண்ணன்.

"நல்லாச் சொன்னிய."

நாற்றப் பேச்சு வந்த நாளிலிருந்து ஒருவரையொருவர் பார்க்காதவர்கள், என்னை முட்டாளாக்குவதற்கு மட்டும் ஒன்றாகிவிட்டார்கள். குழாயடிப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார்கள். அவர்கள் எல்லாரும் மண்ணெண்ணெய் டின்னுக்கு இரண்டு ஓட்டை போடுகிறவர்கள்.

அந்த ஒற்றுமை ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட நீடிக்கவில்லை. "மூட்டு சரியாத்தான் இருந்துச்சுன்னா, பொறவு ஏன் ரெண்டு தடவ நின்னுது?" என்று அண்ணன் கேட்க, "கூட ஏறுன ஆளு அப்படி" என்று இவர் சொல்ல, மறுபடி ஆரம்பித்தது. மைனிதான் நடுவில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓடிச்சா ஓடலியா? அத மட்டும் சொல்லுங்க. சுண்ணாம்பக் கொட்டட்டா, வச்சிருக்கட்டா?"

ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஊர் முழுக்கக் கேட்கத்தானே அண்ணன் அன்றைக்கு வாக்குக் கொடுத்தார்.

"ஓடிச்சு. எவன் இல்லன்னான்?" என்று செங்கல் அடுக்கை ஒரு உதை விட்டார். "கெடக்கட்டும் அங்கன. அடுத்த தடவைக்கு ஆகும்."

வண்டி என் வீட்டுக்காரருடையதானது. அதில் அரிசி ஏறியது, மரம் ஏறியது, மாட்டுங்காவில் வீடு மாறுகிறவர்களின் பீரோ ஏறியது. தோல் ஏறவில்லை. அண்ணன் கேட்கவில்லை, இவர் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்தே ஏசிக்கொண்டார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணன் வந்து டாங்கி மூடியில் பொட்டு வைப்பார், வண்டியில் இன்னும் பாதி தன்னுடையது என்பதுபோல். இவர் தடுக்கவில்லை. அவர் தலை மறைந்ததும் நான் கொண்டை ஊசியோடு போவேன்.

கொஞ்ச நாளில் எனக்கு அந்த வேலை இலேசாகிவிட்டது. பொட்டு முன்போல் கல்லாகக் காயவில்லை. ஊதினாலே பொலபொலவென்று உதிர்ந்தது. சந்தனம் அரைத்துக் கொடுக்கிறவள் மைனி. "புளியங்கொட்ட இப்ப நல்லதாக் கெடைக்க மாட்டேங்கு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாளாம்.

அந்தச் செங்கல் பல வருஷம் அங்கேயே கிடந்தது. எடுத்தால் தோற்றதாகிவிடும் என்று அண்ணன் எடுக்கவில்லை. தொட்டால் சண்டை வரும் என்று இவர் தொடவில்லை. சாயங்காலத்தில் நானும் மைனியும் அதன் மேல்தான் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவோம். இந்தப் பக்கமிருந்து, "உங்க அண்ணன்ட்ட சொல்லு" என்று ஒன்று வரும். அந்தப் பக்கமிருந்து, "உம் புருசன்ட்ட சொல்லு" என்று ஒன்று வரும். நாங்கள் முறத்தைத் தட்டிப் புடைத்துக்கொண்டிருப்போம்.